மார்ஜரிக்கு வேண்டிய முன்பாரம்

அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை நன்றி சொல்கிறாள் என்று ஹெட்டி எண்ணிப் பார்த்திருக்கிறாள். காலைச் சாப்பாட்டுக்குள் ஆறு. பள்ளிக்கூட வாசலில் நான்கு. கடைக்குப் போய்வந்தால் பத்துக்குக் குறையாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்த கார் விபத்துக்குப் பிறகு அம்மாவால் நடக்க முடியாது. மின்சாரச் சக்கர நாற்காலியில்தான் போவாள், வருவாள். கதவைத் திறந்துவிட ஒருவர் வேண்டும், மேல் தட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துத்தர ஒருவர் வேண்டும். எடுத்துத் தந்தவரிடம் அம்மா நன்றி சொல்வாள். அவர்களும் "அட, இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி!" என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் அம்மா சொன்னாள்: "நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது ஹெட்டி. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஒரு தடவையாவது நான் அந்தப் பக்கம் நின்னு 'இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி'ன்னு சொல்லணும்னு ஆசையா இருக்கு."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். ஹெட்டிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் ஊர் டில்பிரிட்ஜ், கால்வாய்க்கரையில் இருக்கிறது. கரையோரமாகவே நடந்தால், கால்வாய் நுழைந்துபோகிற ஒரு சுரங்கத்துக்கு மேலே ஏறி இறங்கியதும் காட்டுப்பூண்டுச் சோலை வரும். மே மாதத்தில் மரங்களுக்கு அடியில் தரையே தெரியாமல் பூண்டுச்செடி பூத்துக் கிடக்கும். அந்த வாசனை மூக்கைத் துளைக்கும். முன்பெல்லாம் அம்மா வருடம் தவறாமல் அங்கே போய் ஒரு பை நிறைய இலை பறித்துவந்து சூப் வைப்பாள். ஆனால் அந்தப் பாதையில் நாற்பத்திரண்டு படிகள். சக்கர நாற்காலிக்குப் படி என்றாலே ஆகாது.

படகில் போகலாமே என்றால், அதற்குத்தான் மார்ஜரி.

மார்ஜரி என்பது ஒரு பழைய கால்வாய்ப் படகு. ஆறு பேர் வரிசையாகப் படுத்தாலும் நிரம்பாத நீளம், இரண்டு பேர் கைகோத்து நடந்தால் இடிக்கிற அகலம். நிலக்கரிக் கிடங்குக்குப் பின்னால் தண்ணீரில் துருப்பிடித்துக் கிடந்த அதை ஊர்க்காரர்கள் கரையேற்றி, கூலி இல்லாமல் இரண்டு வருடமாகச் சரிசெய்தார்கள். நடக்க முடியாதவர்களும் ஏறிப்போக வேண்டும் என்று பின்பக்கம் ஒரு லிஃப்ட் கூட வைத்தார்கள்.

வேலை செய்தவர்கள் இரண்டு கூட்டம். செவ்வாய்க்கிழமை வருகிறவர்கள் செவ்வாய்க் கூட்டம். அதற்குத் தலைவி மேவிஸ், முன்பு பஸ் ஓட்டியவர், குரலும் பஸ் ஹாரன்தான். வியாழக்கிழமை வருகிறவர்கள் வியாழக் கூட்டம். அதற்குத் தலைவர் கிரஹாம், ஓய்வுபெற்ற குழாய் வேலைக்காரர். அளக்கும் டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே அபூர்வம். சொல்லவேண்டியதைப் படகிலிருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். அவ்வளவுதான்.

ஹெட்டிக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறையில் இரண்டு கூட்டத்துக்கும் போவாள். ஜன்னல் சட்டம் பன்னிரண்டுக்கும் பச்சைச் சாயம் அடித்தது அவள்தான்.

சென்ற வாரம் மார்ஜரியைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஹெட்டி உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு படகின் முன்தளத்தில் குப்புறப் படுத்துக் கையைக் கீழே விட்டாள். படகு கிடங்குக்குப் பின்னால் மிதந்த காலத்தில் இப்படிப் படுத்தால் மணிக்கட்டு வரை தண்ணீரில் நனையும். இப்போது விரல் நுனிகூடத் தொடவில்லை.

"கிரஹாம், தண்ணி எட்டவே மாட்டேங்குது! முன்னாடி எட்டுச்சே?"

"உன் கை சுருங்கிப் போச்சு போலிருக்கே கண்ணு," என்றார் கிரஹாம். "நிறைய உருளைக்கிழங்கு சாப்பிடு."

எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்டியும் சிரித்துவிட்டு அதை மறந்துவிட்டாள்.

முதல் பயணம் சனிக்கிழமை. முதல் பயணி ஹெட்டியின் அம்மா லின்சி. மறு வாரம் பூண்டுப் பூவெல்லாம் வாடிவிடும் என்பதால் எல்லோருக்கும் ஒரே அவசரம்.

சனிக்கிழமை வந்தது. கிடங்கின் வாசல் கதவிலிருந்து படகுவரை முன்பு வெறும் சேறு. இப்போது அங்கே கல் பலகைகள் பதித்த பாதை போட்டிருந்தார்கள். அம்மாவின் நாற்காலி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"எவ்வளவு அழகா போட்டிருக்கீங்க! நன்றி, ரொம்ப நன்றி," என்றாள் அம்மா. அன்றைக்கு அது ஒன்பதாவது.

லிஃப்டில் ஏறியதும் அம்மா அதன் பக்கத்திலேயே, பின்மூலையில் ஒதுங்கிக்கொண்டாள். "நான் இங்கயே இருக்கேன். யாருக்கும் இடைஞ்சல் வேண்டாம்."

இரண்டு கூட்டத்திலுமாக ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மேவிஸ் பின்தளத்தில் நின்று சுக்கான் பிடித்தார். மற்ற எட்டுப் பேரும் எங்கே போனார்கள்? பின்தளத்தில் பாதி, அதை ஒட்டிய கதவில் மீதி. கால்வாய்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஒருவர் சுக்கான் பிடித்தால் மற்றவர்கள் சுற்றி நின்று யோசனை சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

"கொஞ்சம் இடப்பக்கம், மேவிஸ்!"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். நீ டீயைக் குடி."

சீஸ் வைத்துச் சுருட்டிய ஓட்ஸ் அடை எல்லோர் கையிலும் இருந்தது. வெயில் அடித்தது, வாத்துகள் வழிவிட்டன. ஹெட்டி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மா ஜன்னல் வழியாக ஒவ்வொரு மரமாகப் பார்த்தாள்.

சுரங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், கால்வாய்க்குக் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் தொங்கும். சுரங்க வாயின் அதே உயரம், அதே வளைவு. சட்டத்துக்குள் நுழைகிற படகு சுரங்கத்திலும் நுழையும். நுழையாத படகு திரும்பிவிட வேண்டியதுதான்.

டங்!

மார்ஜரியின் முன்கூரை சட்டத்தில் முட்டி நின்றது.

கிரஹாம் டேப்பை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். "பன்னிரண்டு சென்டிமீட்டர் இடிக்குது! எப்படி? பழைய கணக்குப்படி கூரை தாராளமா நுழையணுமே!"

ஹெட்டிக்குச் சட்டென்று பிடிபட்டது. "என் கை சுருங்கல கிரஹாம். படகுதான் மேல வந்திருக்கு! முன்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம், மார்ஜரி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

"முன்பாரம் குறைஞ்சிருக்கு," என்றார் கிரஹாம் மெதுவாக. "முன் தரைக்கு அடியில பாரத்துக்காகக் கல் பலகை இருக்குமே, அதை நீங்க திரும்ப வச்சீங்களா மேவிஸ்?"

"நாங்க எதுக்கு வைக்கணும்? துருவைச் சுரண்ட வெளிய எடுத்து வாசல்ல அடுக்கினோம். அடுத்த வாரம் வந்து பார்த்தா, கல்லைக் காணோம், தரையும் போட்டாச்சு. நீங்கதான் உள்ள வச்சிட்டீங்கன்னு நினைச்சோம்."

"வாசல்ல அடுக்கியிருந்ததா?" கிரஹாமின் முகம் வெளுத்தது. "லின்சி வர்றதுக்குப் பாதை போடத்தான் நீங்க வாங்கி வச்சிருக்கீங்கன்னு நாங்க நினைச்சோம். அடியில எட்டிப் பார்க்காமத் தரையைப் போட்டுட்டு, ரெண்டு நாள் மழையில நின்னு பதிச்சோமே!"

"அந்தப் பாதையா! நீங்க புதுக்கல் வாங்கிப் போட்டிருக்கீங்கன்னுல்ல நாங்க நினைச்சோம்! நோட்டுல 'பாதை அருமை, நன்றி'ன்னு எழுதினேனே!"

"நானும் 'நன்றி உங்களுக்குத்தான்'னு எழுதினேன்."

ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதில் இருந்த மும்முரத்தில், கல் எங்கே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பாதையைப் பேர்த்துக் கல்லை உள்ள வைக்கலாம்," என்றார் ஒருவர்.

"பேர்த்தா லின்சி எப்படிப் படகுகிட்ட வருவா?" என்றார் இன்னொருவர். "புதுக்கல் வந்து இறங்க பத்து நாள் ஆகும். அதுக்குள்ள பூ போயிடும்."

பின்மூலையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பரவாயில்ல, திரும்பிடலாம். இவ்வளவு தூரம் வந்ததே சந்தோஷம். எல்லாருக்கும் ரொம்ப நன்றி."

ஹெட்டிக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அம்மா அப்படி நன்றி சொன்னால், இனிமேல் ஒன்றும் கேட்கமாட்டாள் என்று அர்த்தம். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மார்ஜரிக்கு வேண்டியது கல்லா? இல்லையே, கனம்தானே!

"மேவிஸ்! கனமானது எதுவா இருந்தாலும் முன்னாடி வச்சாப் போதுமா?"

"போதும் கண்ணு. ஆனா கனமானதுக்கு நான் எங்க போவேன்?"

"எங்கயும் போக வேண்டாம். எல்லாமே பின்னாடிதான் நிக்குது!" ஹெட்டி எட்டுப் பேரையும் பார்த்துக் கையை நீட்டினாள். "இவ்வளவு பேரும் பின்னாடி நின்னா முன்பக்கம் தூக்காம என்ன செய்யும்? எல்லாரும் முன்னாடி போங்க!"

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வரிசையாக உள்ளே புகுந்து முன்னறைக்குப் போனார்கள். சுக்கானைச் சுற்றி ஆளே இல்லாமல் போனதில் மேவிஸுக்கு ஒரே சந்தோஷம். "இத்தனை நாளா இதை யாரும் சொல்லலியே!" என்றார்.

படகின் மூக்கு மெல்ல இறங்கியது. கிரஹாம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அளந்தார்.

"பத்து இறங்கிடுச்சு! இன்னும் ரெண்டே ரெண்டு சென்டிமீட்டர்!"

"கிரஹாம், நாளைக்கு உண்டாக வேண்டிய தொப்பையை இன்னிக்கே போடு!" என்று மேவிஸ் பின்னாலிருந்து கத்தினார்.

எட்டுப் பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். மூச்சுக்கு ஏது கனம்? இரண்டு சென்டிமீட்டர் அப்படியே நின்றது.

ஹெட்டி அம்மாவிடம் வந்தாள். "அம்மா, உன் நாற்காலி எவ்வளவு கனம்?"

"நூத்தி நாப்பது கிலோ. லிஃப்டுக்காக எழுதிக் கொடுத்தோமே. ஏன்?"

"நீ எவ்வளவு?"

"ஹெட்டி! அதை இத்தனை பேர் முன்னாடியா கேப்பே?"

"அம்மா, இந்தப் படகுலயே ரொம்பக் கனமான ஆள் நீதான். நீ முன்னாடி போகலைன்னா யாருமே அந்தப் பக்கம் போக முடியாது."

அம்மா அவளையே பார்த்தாள். "எனக்காகச் சொல்லலியே?"

"இல்லம்மா. மார்ஜரிக்காகச் சொல்றேன். கிரஹாமைக் கேளு."

"வாம்மா லின்சி, வா!" என்றார் கிரஹாம், டேப்பை ஆட்டிக்கொண்டே. "இங்க மூச்சு முட்டுது, சீக்கிரம் வா!"

அம்மா பொத்தானை அழுத்தினாள். நாற்காலி புதுத் தரையின்மேல் விர்ரென்று ஓடியது. எட்டுப் பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். படகின் கடைசி முனையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய் அம்மா நின்றாள். நாற்காலியின் பிரேக்கை 'டக்'கென்று போட்டாள்.

மார்ஜரி தலை குனிந்தது.

"நுழையும்!" கிரஹாமின் குரல் உடைந்தது. "ஒரு சென்டிமீட்டர் இடைவெளி! போ மேவிஸ், போ!"

கூரை சட்டத்தை உரசாமல் கடந்தது. பிறகு சுரங்கம். ஒரே இருட்டு. முன்விளக்கின் வெளிச்சத்தில் ஈரச் செங்கல் மட்டும் தெரிந்தது. கூரைக்கு மேலே ஒரு விரல்தான் இடைவெளி என்று தெரிந்ததால் யாரும் அசையவில்லை. ஒருவர் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டார்.

சுரங்கத்தின் மறுவாய் இன்னும் கண்ணில் படவில்லை. அதற்குள் வாசனை வந்துவிட்டது.

பூண்டு வாசனை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஹெட்டியின் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின.

வெளியே வந்ததும் கண் கூசியது. இரண்டு கரையிலும் வெள்ளை வெளேரென்று பூக்கள். மேவிஸ் படகைக் கரையோடு ஒட்டி நிறுத்த, அம்மா கதவைத் திறந்து, குனிந்து, தன் கையாலேயே இலை பறித்தாள். கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டாள். மடி நிரம்பிய பிறகும் பறித்தாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. போகக்கூடாது என்று எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போதும் முன்முனையில் அம்மாதான்.

ஊர் வந்ததும் மேவிஸ் கறாராகச் சொன்னார்: "பாதையில ஒரு கல்லையும் யாரும் தொடக்கூடாது. படகுக்குப் புதுக்கல் வாங்கலாம். அதுவரைக்கும் லின்சிதான் நமக்கு முன்பாரம். அடுத்த சனிக்கிழமையும் வந்துடணும்."

"வர்றேன்," என்றாள் அம்மா. "கல்லை அவசரப்பட்டு வாங்கிடாதீங்க."

அவள் லிஃப்டில் இறங்கிக் கல்பாதைக்கு வந்தாள். அங்கே கிரஹாம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"நன்றி லின்சி. நீ இல்லைன்னா நாங்க பாதியிலயே திரும்பியிருப்போம்."

அம்மா ஒரு நிமிடம் திகைத்துப்போனாள். பிறகு அவள் முகம் முழுவதும் சிரிப்பு பரவியது.

"அட, இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி!" என்றாள்.

கிரஹாமுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். ஹெட்டி பக்கத்தில் நின்று எண்ணினாள். அன்று அம்மா அதை ஒன்பது தடவை சொன்னாள்.