கவிழ்ந்த லாரியின் காலிப்பர்

லாரியின் பிரேக்கை இயக்கும் காற்றுத் தொட்டியைத் திறந்து, இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டாகிவிட்டது. அதற்குப் பிறகும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் அந்தக் காலிப்பர் அசைந்தது.

அபூ தைசீர் கையை இழுத்துக்கொண்டார். அகபா துறைமுகத்துக்கு இறங்கும் மலைச்சாலையின் உச்சியில் அவருடைய பட்டறை. வெளியே புழுதிக்காற்று தகரக் கூரையைப் பிறாண்டியது; டீசல் நாற்றம் தொண்டையில் ஒட்டியிருந்தது; நடுப்பகலே அந்திபோல மங்கி, சக்கரம் கழற்றிய அச்சு மட்டும் லாரிக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்தது. அங்கே அந்த இரும்புக் கவ்வி, யாரும் தொடாமல், ஒரு விரல் அகலம் உள்ளே போய் வெளியே வந்தது. தூங்குகிறவன் நெஞ்சு போல.

"என்ன மாமா, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?"

மருமகன் ஃபவ்வாஸ். நடுவிரல் நுனி போன கையால் தேநீர் டம்ளரை நீட்டினான். பாஸ்பேட் ஏற்றி நின்ற லாரி அவனுடையது.

"காலிப்பரை மாத்தணும்."

"எதுக்கு? பிரேக் பேடு ரெண்டும் ஒரே சீராத்தான தேஞ்சிருக்கு? கையால தள்ளினா வழுக்கிட்டு ஓடுது. பெட்டியில வர்றதெல்லாம் போலின்னு ஊருக்கே சொல்றது நீங்கதான்!"

சரிதான். புதுச் சாமானை அவர் நம்பியதே இல்லை. அதனால்தான் இதே இறக்கத்தில் கவிழ்ந்த ஒரு லாரியிலிருந்து, உடைசல் கடைக்குப் போய், இதைத் தன் கையாலேயே கழற்றி வந்து மருமகன் லாரியில் பூட்டியிருந்தார். அந்த லாரியின் கதவில், வாங்கிய அன்று கண்ணேறு படாமலிருக்க ஆடறுத்துப் பதித்த ரத்தக் கைத்தடம் காய்ந்திருந்தது. கண்ணாடியின் உள்பக்கத்திலும் ஒரு கைத்தடம் இருந்தது. அது ஆட்டு ரத்தமில்லை.

டக்.

"கேட்டியா?"

"காத்து மாமா. உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம். சீக்கிரம் பூட்டுங்க. திரும்பறப்ப மீன் வாங்கிட்டு வரலன்னா உங்க மக என்னை வறுத்துடுவா."

அவர் பழையதைப் பூட்டவில்லை. அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அலமாரியில் தூசி படிந்து கிடந்த பெட்டியைக் கிழித்தார். புதுக் காலிப்பர் பளபளத்தது. தானாக அசையவில்லை. அவருடைய பயத்துக்கு அது போதுமாக இருந்தது; அதையே பூட்டினார்.

ஃபவ்வாஸ் சிரித்துக்கொண்டே ஏறினான். லாரியின் பின்விளக்கு புழுதியில் கரைந்து, இறக்கத்தில் மறைந்தது.

டக்.

மேசைமேல் கிடந்த காலிப்பர் மூடித் திறந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். நிதானமாக. வளைவில் அழுத்தி, நேர்ச்சாலையில் விட்டு, மறுபடி அழுத்தி.

அது மூச்சில்லை. யாரோ பிரேக்கை மிதிக்கிறார்கள்.

போனை எடுத்து ஃபவ்வாஸை அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.

டக். டக்.

இப்போது வேகமாக. மேசை அதிர்ந்தது. கருகல் நாற்றம். இரும்பு சிவந்தது.

டக் டக் டக் டக்.

இரண்டு கையாலும் அதைப் பற்றி அழுத்தினார். தோல் பொசுங்கி ஒட்டியது. "பிடி! விடாத! பிடிச்சுக்கோ!"

ஒரே ஒரு நீண்ட அழுத்தம். முழு மிதி.

பிறகு அது அவர் கைக்குள்ளேயே மெல்ல விரிந்தது.

காற்று நின்றது. கூரை அடங்கியது. போனில் மணியும் இல்லை.

பட்டறைச் சன்னலில், கண்ணாடியின் உள்பக்கம், ஒரு கை பதிந்துகொண்டிருந்தது. ஈரமாக. சிவப்பாக. ஒவ்வொரு விரலாக.

நடுவிரலுக்கு நுனி இல்லை.