சூரியன் பெருத்த வாரம்

சூரியன் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே வந்தது. கண்ணுக்கு அல்ல, மொட்டைமாடியில், வெயில் படாமல் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்த மடிக்கணினியின் திரையில். வானத்தின் ரேடியோ அலைகளைப் பிடிக்க அவள் வைத்திருந்த வலைக்கம்பி டிஷ்ஷை மேற்கே திருப்பிப் பூட்டிவிட்டால், சாயங்காலச் சூரியன் தன்பாட்டுக்கு அதன் குறுக்கே நகர்ந்து போகும். திரையில் ஓடும் பச்சைக்கோடு மெல்ல ஏறி, மேடு கட்டி, இறங்கும். அந்த மேடுதான் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளும் நேற்றையதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது.

அவளுக்கு மருந்துக்கடையில் காலை வேலை. மற்றவர்கள் கண்ணயர்கிற மதியத்தில் தண்ணீர்த்தொட்டியின் பாசி வாடையிலும் காய்ந்த தகரத்தின் நெடியிலும் உட்கார்ந்து, பால்வீதி கடந்துபோகும்போது கோடு லேசாக வீங்குவதையும் சூரியன் வரும்போது அது எழும்புவதையும் பார்ப்பதில் அவளுக்கு ஒரு பைத்தியம். ஒரு வேலை மட்டும் தினமும் முதலில் ஆக வேண்டும். கருவி வெயிலுக்கு ஏறும், மழைக்கு இறங்கும், அதை நம்ப முடியாது. ஆகவே எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் சூடான பொருள் ஒன்றை டிஷ்ஷின் முன்னால் நிறுத்தி அளவைச் சரிபார்க்க வேண்டும். வெறும் வானம் ரேடியோவுக்குக் குளிர்ச்சி. சூடுள்ள எதுவும், வெறும் சுவர்கூட, லேசாக இரையும், கோடு ஏறும்.

மற்றவர்கள் சுவரை வைத்துச் சரிபார்ப்பார்கள். இவள் கணவனை நிறுத்துவாள். ஆள் நல்ல அகலம். ‘சுவரு’ என்று பெயரே வைத்துவிட்டாள். அவனும் மாடிப்படி ஏறும்போதே, “சுவரு வந்துடுச்சு, வெள்ளையடிக்கணும்னா அடிச்சுக்கோ” என்பான்.

போன மாதம் அவன் ஓட்டிய சரக்கு வேன் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. மறுநாள் வேனைத் தூக்கினார்கள். உள்ளே ஆள் இல்லை. அதற்கும் மறுநாள் அவனே நடந்து வந்து கதவைத் தட்டினான். நாடி, சூடு, மூச்சு எல்லாம் சரியாக இருக்கிறது, புண்ணியம் செய்தவர் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். இரண்டு நாளில் அழுது முடித்திருந்த அவளுக்குச் சந்தோஷப்படத் தெம்பு இல்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சோறு போட்டாள், துணி மடித்தாள், கேட்டவர்களுக்கு ஆமாம் என்றாள்.

வந்த பிறகு முதல் தடவை அவன் டிஷ் முன்னால் நின்றபோது கோடு ஏறவில்லை. கேபிளை மாற்றினாள். ஏறவில்லை. தன் கையை நீட்டிப் பார்த்தாள், ஏறியது. ரொம்ப இளைச்சுட்டீங்க என்று சொல்லிவைத்தாள், அவன் சிரித்தான். திரும்பி வந்தவனிடம் குறை பார்க்க மனம் வரவில்லை. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் அவனுக்குப் பதில் மகளை நிறுத்தினாள். ஏழு வயது, அரைச்சுவர். கோடு பாதி உயரம் ஏறியது. திரையில் அந்த இடத்தில் ஒரு குறி வைத்துக்கொண்டாள். அடுத்த நாள் கோடு குறிக்குச் சற்றுக் கீழே நின்றது. சிக்னலைக் கூட்டித் தரும் பெருக்கி சூட்டில் சோர்ந்துபோகிறது என்று அதன் குமிழைத் திருகிக் கோட்டைக் குறிக்கு ஏற்றினாள். மறுநாளும் கொஞ்சம் திருக வேண்டியிருந்தது. அதற்கும் மறுநாள் இன்னும் கொஞ்சம்.

சூரியன் வீங்குவதைப் பற்றி வெள்ளிக்கிழமை கணக்கு வாத்தியாருக்கு ஃபோன் செய்தாள். இதே பைத்தியம் பிடித்த மனிதர். வேறு ஊரில் இதே சூரியனைத் தினமும் அளப்பவர். அவருடைய திரையில் ஒரு மாற்றமும் இல்லையாம்.

“சூரியன் எப்பவும் போலத்தாம்மா இருக்கு,” என்றார். “நீ எதை வச்சு அளக்கறியோ, அது குறையுது. அதைப் பாரு.”

ஃபோனை வைத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கீழே அப்பாவும் மகளும் ஏதோ விளையாடிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் வந்த நாளிலிருந்து பிள்ளை அவன் நெஞ்சின்மேல்தான் படுத்துத் தூங்குகிறாள். காலையில் எழுப்ப எழுப்ப எழுந்திருப்பதில்லை. தட்டில் பாதி அப்படியே இருக்கிறது. அப்பா கிடைத்த சந்தோஷம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

டிஷ்ஷைத் தொட்டிச் சுவர் பக்கம் திருப்பினாள். குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். சுவருக்குக் கோடு ஒழுங்காக ஏறியது. மறுபடி வானத்தைப் பார்க்க வைத்து மகளைக் கூப்பிட்டாள். மகள் வந்து நின்றாள். கோடு ஒரு மயிரிழை அசைந்தது. அவ்வளவுதான். கன்னத்தைத் தொட்டாள், சூடாகத்தான் இருந்தது. தெர்மாமீட்டர் வைத்தாள், அதுவும் சரி என்றது.

“அம்மா, இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்?”

போதும், கீழே போ என்றாள். பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயம் பக்கத்து வீட்டில் யாரோ பயப்படுவது போலத் தூரத்தில் இருந்தது. ஒரு குமிழைத் திருகித் திருகி, சூரியனைப் பெருக்க வைத்து, பிள்ளை கரைவதைத் தானே மறைத்திருக்கிறாள். சாயங்காலமே அக்கா வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போய்விட வேண்டும். அக்காவிடம் ஃபோனில் காரணம் எதுவும் சொல்லாமல், வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். கீழே இறங்கினாள். பிள்ளையின் கவுன்கள், பல்துலக்கி, பள்ளிச் செருப்பு. பையின் ஜிப்பை இழுத்தாள்.

கூடத்தில் யாரும் இல்லை.

அறையிலும் இல்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து அவன் குரல் கேட்டது.

ஏறினாள். டிஷ் மேற்கே பார்த்திருந்தது. திரை ஓடிக்கொண்டிருந்தது. அவன் டிஷ்ஷை ஒட்டி, அதை மறைத்து நின்றிருந்தான். இடுப்பில் மகள். அவன் தோளில் தலை சாய்த்து, கண் திறந்து. இருவருக்கும் பின்னால் நேராகச் சூரியன்.

“ரெண்டு சுவரு,” என்றான். “எவ்வளவு ஏறுது, பாத்துச் சொல்லு.”

குனிந்து பார்த்தாள்.

கோடு அடியில் கிடந்தது. வெறும் வானம். பிறகு ஏறத் தொடங்கியது. மெல்ல. வழவழவென்று. அவளுக்குத் தெரிந்த அதே மேடு. பழைய அளவு, பழைய உயரம். நடுவில் ஒருவரும் நிற்காதது போல, சூரியன் முழுசாக டிஷ்ஷுக்குள் வந்துகொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். அவர்களுடைய நிழல் தரையில் நீண்டு, அவள் முகம்வரை ஏறியிருந்தது. நிழல் குளுகுளுவென்று இருந்தது.

“இன்னொருத்தருக்கு இடம் இருக்கும்மா,” என்று மகள் கையை நீட்டினாள்.