மறுபக்கத்து எடை

மதியச் சூப் ஆறுவதற்குள் மலைக்குடிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். நான் கிராட்டோ. ஆட்களைக் கயிற்றில் கட்டி முகடுகளில் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. என்னோடு வந்த ஒட்டாவியா இத்தாலியின் டுரின் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள். நன்றாக ஏறுவாள், வாய்தான் திறக்கமாட்டாள். என் தொழிலில் அது வரம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

குடிலை நடத்தும் செலஸ்டினா, பொலெந்தா என்ற சோளக்களியைத் தட்டில் கொட்டிக்கொண்டே என்னை முறைத்தாள்.

"நாளைக்கு மூடுபனி வரும். ரென்சோ முகட்டுப் பக்கம் போகாத."

"இன்னும் அவன் பேரையா சொல்லிட்டிருக்க?"

"பின்ன உன் பேரா வைக்கணும்? அவசரப்படாத, அதுக்கும் நேரம் வரும்."

சிரித்தோம். ஒட்டாவியா சிரிக்கவில்லை, ரென்சோ யாரென்று கேட்டாள். சொன்னேன்.

கத்தி விளிம்பு மாதிரியான முகட்டில் இருவரும் ஒரே கயிற்றில் நடப்போம். ஒருவர் இடப்பக்கம் விழுந்தால் மற்றவர் அந்தக் கணமே வலப்பக்கம் குதிக்க வேண்டும். இருவர் எடையும் முகட்டின் இருபுறமும் தொங்கி ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். யோசித்துக்கொண்டு நின்றால் இருவருமே காலி. ரென்சோவும் என்னைப் போல வழிகாட்டிதான். இந்த முகட்டில் அவன் விழுந்தபோது, அவன் கூட்டிப்போன ஆள் குதிக்கவில்லை. பாறையைக் கட்டிக்கொண்டு கயிற்றை அறுத்துவிட்டான். ரென்சோவின் உடல் கிடைக்கவே இல்லை.

"நீங்க குதிப்பீங்களா?" என்றாள் ஒட்டாவியா.

"கண்ண மூடிட்டுக் குதிப்பேன்."

காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்ததால், செலஸ்டினாவைக் கிண்டல் செய்துவிட்டுக் கிளம்பினேன். ரென்சோ முகட்டின் நடுவில் இருந்தபோது மூடுபனி இருபுறமிருந்தும் ஏறி வந்தது. என் காலணி எனக்கே தெரியவில்லை. ஈரக் கல்லின் வாசனை. கீழே எங்கோ சரளை உருளும் ஓசை. பின்னால் அவள் வருகிறாள் என்பதற்குக் கயிறு மட்டுமே சாட்சி.

கயிறு நின்றது. நானும் நின்றேன்.

பிறகு என் இடுப்பை அது இடப்பக்கமாக வெட்டி இழுத்தது.

நான் குதித்தேன்.

வலப்பக்கத்து வெறுமையில் விழுந்து, பாறையில் முழங்கால் மோத, கயிறு பிடித்து நிறுத்தியது. உயிரோடு இருந்தேன். மறுபக்கத்தில் ஓர் எடை என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது கால் வைக்க இடம் தேடி அசைவது என் இடுப்பு எலும்பு வரை தெரிந்தது.

"ஒட்டாவியா! அடி பட்டுச்சா?"

பதிலுக்குக் கயிறு இரண்டு முறை மெல்லச் சுண்டியது. வழிகாட்டிகளாகிய எங்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் பிடித்திருக்கிறேன், நீ ஏறு.

ஏறினேன். நான் ஏற ஏற, அந்தப் பக்கமும் ஏதோ ஏறியது.

விளிம்பில் கை வைத்தபோது பனிக்குள்ளிருந்து ஒட்டாவியாவின் முகம் தெரிந்தது. எனக்கு நேர் மேலே, முகட்டின் மீது உட்கார்ந்திருந்தாள். அவள் இடுப்பில் கயிறு இல்லை.

"ஒண்ணுக்குப் போகணும்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு," என்றாள். "கொக்கியக் கழட்டிக் கல்லு மேல வச்சிட்டுப் பின்னாடி போனேன். வந்து பாத்தா கயிறு..."

இருவரும் கயிற்றைப் பார்த்தோம். அது விளிம்பைத் தாண்டி இடப்பக்கம் இறங்கி, விறைத்து நின்றது.

"அந்தப் பக்கம் யாரு?" என்று கிசுகிசுத்தாள்.

அறுத்துவிடலாம் என்று கை கத்திக்குப் போனது உண்மை. ஆனால் எங்களிடம் இருந்தது அந்த ஒரு கயிறுதான். அது இல்லாமல் இவளை உயிரோடு கீழே கொண்டுபோக முடியாது. அதோடு, மறுமுனையில் ஆள் தொங்கும் கயிற்றை எந்த வழிகாட்டி அறுப்பான்?

"ரென்சோ," என்றேன். "இவளக் கீழ கூட்டிட்டுப் போகணும். கயித்தக் குடு."

கயிறு தளர்ந்தது.

இழுத்தேன், லேசாக வந்தது. அவள் திறந்து வைத்த கொக்கியின் பூட்டு இப்போது இறுக்கித் திருகப்பட்டிருந்தது. கையில் எடுத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. அதையே அவள் இடுப்பில் மாட்டி இறங்கினோம். ஈரப் பாறையில் அவள் கால் வழுக்கிய ஒவ்வொரு முறையும், நான் இழுப்பதற்கு முன்பே கயிறு இறுகியது. அவள் பிழைத்தாள். அதற்கு அவனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கோடையோடு தொழிலை விட்டுவிட்டேன். கயிற்றை எரித்தேன். முகட்டை விட்டு வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவன் அவ்வளவு நாளும் காத்துக்கிடந்தது தனக்காகக் குதிக்கும் ஓர் ஆளுக்காக. நான்தான் குதித்துக் காட்டிவிட்டேனே.

இன்று காலை ரொட்டி வாங்கிக்கொண்டு ஆற்றுப் பாலத்தில் வந்துகொண்டிருந்தேன். வெயில் நன்றாக அடித்தது. இடுப்பில் பெல்ட்கூட இல்லை.

என்னை இடப்பக்கமாக ஏதோ வெட்டி இழுத்தது.

பாலத்தின் வலப்பக்கத் தடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தபடி இன்னும் நிற்கிறேன். என் ஒரு கால் ஏற்கெனவே தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.