ஓடைக்கு இந்தப் பக்கம்

கூப்பிட்டால் மான் வரும், பதில் சொல்லாது. மீசை முளைக்கும் முன்பே காட்டுக்குள் உட்கார்ந்து மான் கூப்பிடக் கற்றுக்கொண்ட எக்கோமிக்கு இதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இலைக்கொத்துகளை ஒடித்து எதிரே மறைப்பாக நட வேண்டும். அதன் பின்னால் குந்தி, இரண்டு விரலால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, தொண்டையின் அடியிலிருந்து இழுத்துக் கத்த வேண்டும். காலில் முள் ஏறிய குட்டி தாயைத் தேடி அழுகிற குரல் அது. முயலைவிடச் சற்றே பெரிய அந்தச் சாம்பல் நிறக் குறுமான், எங்கிருந்தாலும் புதரை முட்டிக்கொண்டு ஓடிவரும். திறந்த இடத்தில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். வாயே திறக்காது.

அன்று மழை விட்டு மரங்கள் சொட்டிக்கொண்டிருந்த பின்மாலையில், அவன் கத்தி முடித்துக் கையை மூக்கிலிருந்து எடுத்தபோது, காட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அதே குரல். அதே இழுப்பு. கடைசியில், காற்று தீரும் இடத்தில், மெல்லிய ஒரு சீட்டி.

எக்கோமிக்கு முன்பல்லில் பாதி இல்லை. கத்தி முடிக்கும்போது அந்தச் சந்து வழியாகக் காற்று சீட்டியடிக்கும். வேறு யார் கூப்பிட்டாலும் அந்தச் சீட்டி வராது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெக்காலே தலையை நிமிர்த்தவே இல்லை. தலைநகரத்திலிருந்து விலங்குக் கணக்கெடுக்க வந்திருக்கும் படித்த பையன். சாலைக்கும் இவிந்தோ ஆற்றுக்கும் நடுவிலுள்ள இந்தக் காட்டில் என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. மானை வரவழைத்துக் காட்டுவது எக்கோமியின் வேலை.

“எதிரொலிண்ணே,” என்றான் பெக்காலே.

ஈரக்காட்டில் ஏது எதிரொலி? இங்கே துப்பாக்கிச் சத்தத்தையே இலைகள் விழுங்கிவிடும். ஆனாலும் எக்கோமி, நாம்தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தான். அவன் சுபாவம் அது. கதவைத் தாழிட்டுவிட்டுப் படுத்தபின் எழுந்துபோய்த் தாழைத் தொட்டுப் பார்ப்பான். திரும்ப வந்து படுத்ததும், சரியாகத் தொட்டோமா என்று யோசிப்பான்.

பெக்காலேயின் கைக்கணினியில் ஒவ்வொரு விலங்குக்கும், அது அழியும் ஆபத்தைப் பொறுத்து, ஒரு நிறம் இருந்தது. காட்டு யானைக்கும் கொரில்லாவுக்கும் அடர்ந்த சிவப்பு. உடம்பெல்லாம் செதில் போர்த்த பெரிய அழுங்குக்கு அதற்கடுத்த நிறம். சிறுத்தைக்கு மஞ்சள். குறுமானுக்கு மட்டும் பச்சை. உலகக் கணக்கில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று அர்த்தமாம். முதல் நாள் அதைக் காட்டிச் சிரித்தபடி, “இது ஒண்ணுதாண்ணே நம்ம மானத்தக் காப்பாத்தப் போவுது,” என்று சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் உட்கார்ந்து கூப்பிட்டாகிவிட்டது. ஒரு குளம்படிகூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எக்கோமிக்குத் தெரியும். மரம் ஏற்றும் லாரிகளுக்காகச் சாலை போட்டபின், போகிற லாரியெல்லாம் கறியும் ஏற்றிக்கொண்டு போயிற்று. சாலையோரக் கம்பில் தொங்கவிட்டு விற்றவர்களில் அவனும் ஒருவன். அந்த நாட்களில் ஒரு தாய்மான் வந்து நின்றதை அவன் அடிக்கடி நினைப்பதுண்டு. அதன் சொந்தக் குட்டி அதன் விலாவை ஒட்டியே நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அது கழுத்தை நீட்டிப் புதருக்குள் தேடியது. “குட்டி பக்கத்துலயே நிக்குது, இந்த லூசு எதத் தேடுது,” என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னான் பெக்காலே. எக்கோமி மூக்கைப் பிடித்தான். தொண்டையிலிருந்து குரல் கிளம்பும் முன்பே, அது வந்துவிட்டது. இந்தத் தடவை பக்கத்தில். ஓடை இருந்த பக்கத்திலிருந்து, வீட்டுக்குப் போகும் வழியிலிருந்து.

“போதும் தம்பி. கெளம்பலாம்.”

மான் கூப்பிடுகிறவர்கள் ஓடையைத் தாண்டிப் போய்த்தான் கூப்பிடுவார்கள். ஊர்ப் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் கூப்பிடுவதில்லை. திரும்பும்போது ஓடைத் தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்து அந்தக் கரையிலேயே துப்பிவிட்டு வருவார்கள். எதற்கு என்று எக்கோமி கேட்டபோது, அவனுக்குத் தொழில் பழக்கிய மாமா, “கூப்பிட்ட வாயோட வூட்டுக்குப் போவக்கூடாது,” என்றதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் அவருக்கும் தெரிந்திருக்காது.

ஓடை பெருகியிருந்தது. பாலமாகக் கிடந்த மரம் வழுக்கியது. பெக்காலே கைக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தவழாத குறையாகத் தாண்டினான். எக்கோமி அவனுக்குக் கை கொடுத்தான். பின்னால் இலை மிதிபடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே வேகமாக நடந்தான். கணக்கெடுப்பு ஆட்களின் வண்டி சாலையில் நின்றது. பெக்காலே அதில் ஏறிப் போனான்.

வீட்டு முற்றத்தில் கால் வைத்தபோதுதான் எக்கோமிக்கு அந்தச் சந்தேகம் வந்தது. கொப்பளித்தோமா?

நின்று யோசித்துப் பார்த்தான். பாதத்தில் ஓடையின் குளிர் நினைவிருந்தது. பெக்காலேக்குக் கை கொடுத்தது நினைவிருந்தது. அந்தத் தண்ணீருக்கு ஊறிய இலையும் துரும்பும் கலந்த ஒரு கசப்பு உண்டு. வெகுநேரம் நாக்கில் நிற்கும். நாக்கால் வாய்க்குள் துழாவினான். கசப்பு இல்லை.

அவன் அக்கா ஒயானே பக்கத்து வீட்டிலிருந்து அவன் மகள் அவோமேயைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மனைவி பிரசவத்துக்காக ஒயெம் ஊரிலுள்ள அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பகலெல்லாம் பிள்ளை அத்தையிடம்தான்.

“இந்தா, ஒன் மானு. இன்னைக்குப் பூரா மூக்கப் புடிச்சிக்கிட்டு ஒரே கத்து. என் கோழியெல்லாம் மெரண்டுபோய்க் கெடக்கு. காட்டுல ஒண்ணுமே ஆப்புடலன்னா இவளக் கணக்குல சேத்துக்கங்கடா,” என்றாள். தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டதாகச் சொல்லிவிட்டுச் சாலைப் பக்கம் நடந்தாள். அந்த வரிசை வீடுகளில் பாதிப்பேர் அங்கேதான் போயிருந்தார்கள்.

பொழுது சாய்ந்தது. வாழைத்தோப்புக்குப் பின்னால் காடு கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்துக்கு மரத்தின் உச்சியிலிருந்து ஒரு சின்ன விலங்கு கத்தத் தொடங்கும். முயல் அளவுதான் இருக்கும். ஆனால் ஆளைக் கழுத்தறுப்பது போலக் கதறும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் இரவு தூங்கமாட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அதுதான் விளக்கேற்றும் நேரம். அன்று அது கத்தவில்லை. தவளைகள் இல்லை. ஈர மண்ணின் வாசனையோடு, உரித்த தோலைக் காயப்போட்டது போன்ற ஒரு முடைநாற்றம் மட்டும் தோப்பிலிருந்து விட்டுவிட்டு வந்தது.

“அப்பா, இங்க பாரு,” என்றாள் அவோமே.

மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சாயங்காலங்களில் விளையாட்டாக அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். அவளால் ஒருநாளும் அதை முழுதாக முடிக்க முடியாது. பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும். இப்போதும் சிரித்தாள்.

தோப்புக்குள்ளிருந்து பதில் வந்தது. சின்னக் குரல். பாதியில் உடைந்து, சிரித்தது.

அவன் பிள்ளையின் வாயைப் பொத்தினான். அவள் கண்கள் அவன் கைக்கு மேலே பெரிதாக விரிந்தன. அப்பா எதற்குக் கோபப்படுகிறார் என்று புரியாமல் அவன் உள்ளங்கைக்குள் அவள் உதடு துடித்தது. அவன் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டான். சன்னலைச் சாத்தினான். பின்பக்கச் சன்னலையும் சாத்தினான். விளக்கைப் பெரிதாக்கினான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கூரைத் தகரத்தில் மீதி மழை சொட்டியது. தூரத்தில் ஒரு லாரி போனது.

“பசிக்குதுப்பா.”

சமையல் குடிசை முற்றத்தைத் தாண்டி, வீட்டு வாசலுக்கு எதிரே இருந்தது. ஒயானே மத்தியானமே வைத்துவிட்டுப் போன மீனும், இலையில் கட்டி வேகவைத்த மரவள்ளியும் அங்கே இருந்தன. எட்டி நடந்தால் வந்துவிடலாம். பிள்ளையைக் கூட்டிப்போகலாமா என்று யோசித்தான். அந்த முடை வீசும் இருட்டில் அவளை இறக்க மனம் வரவில்லை.

கதவருகே குந்தி அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டான்.

“நான் போனதும் தாழ் போட்டுக்க. யாரு தட்டினாலும் தொறக்காத. அத்த கூப்பிட்டாலும் தொறக்காத. அப்பா கொரல் கேட்டாத்தான் தொறக்கணும். என்ன?”

“ம்.”

“யாரு கொரல்?”

“அப்பா கொரல்.”

வெளியே வந்து, தாழ் விழும் சத்தம் கேட்கும்வரை நின்றான். கதவைத் தள்ளிப் பார்த்தான். இன்னொரு முறையும் தள்ளிப் பார்த்தான்.

சமையல் குடிசையில் கங்கு இன்னும் உயிரோடிருந்தது. சட்டியை அதன்மேல் வைத்தான். புகைக்கும் மீனுக்கும் நடுவே அந்த முடை இங்கேயும் இருந்தது. மரவள்ளியின் இலைக்கட்டைப் பிரித்தான்.

“அப்பா.”

தோப்புப் பக்கமிருந்து. கங்கு வெடித்த சத்தம் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தான்.

“அப்பா... கால்ல முள்ளுப்பா.”

அவோமேயின் குரல். அழுகைக்கு நடுவே அவளுக்கு வரும் விக்கலும் இருந்தது. எக்கோமி குடிசை வாசலுக்கு வந்து வீட்டைப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. இடுக்கில் விளக்கு வெளிச்சம். அவள் உள்ளேதான் இருக்கிறாள். தாழ் விழுந்ததைக் கேட்டோம். இரண்டு தடவை தள்ளிப் பார்த்தோம்.

பின்பக்கச் சன்னல்?

சாத்தினோம். சாத்தினோமா? கொக்கி போட்டோமா?

“அவோமே,” என்று வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். குரல் கம்மிப் போய்க் காற்றாகத்தான் வந்தது. உள்ளேயிருந்து பதில் இல்லை.

“அப்பா வலிக்குதுப்பா... ரத்தம் வருதுப்பா...”

அது பிள்ளை இல்லை. அவனுக்குத் தெரியும். தெரிந்தே நின்றான். தெரிந்தே கால் எடுத்து வைத்தான். வீட்டுக்குப் போ, கதவைத் தட்டு, உள்ளே பார் என்று தலை சொன்னது. கால்கள் தோப்புப் பக்கம் போயின. பிறகு ஓடின. வாழைச் சருகுகள் முகத்தில் அறைந்தன. சேறு. வேர். விழுந்து எழுந்தான். அழுகை முன்னால் இருந்தது. கொஞ்சம் முன்னால். இன்னும் கொஞ்சம்.

தோப்பு முடிந்தது. பெரிய மரம் ஒன்றை வெட்டி எடுத்துப்போன இடம்; புல் முளைத்துத் திறந்து கிடந்தது. ஓடிவந்த வேகத்தில் அதன் நடுவே போய் நின்றான்.

அழுகை நின்றது.

நிலா வெளிச்சம் மேகத்துக்குப் பின்னால் சாம்பலாக இருந்தது. எக்கோமி தலையை இந்தப் பக்கம் திருப்பினான். அந்தப் பக்கம் திருப்பினான். கழுத்தை நீட்டிப் புதருக்குள் தேடினான்.

அப்புறம்தான் அது கண்ணில் பட்டது. நேர் எதிரே, மண்ணில் நட்ட இலைக்கொத்துகள். புதிதாக ஒடித்தவை. பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. அவன் நடுவது போலவே, நடுவில் கண் வைத்துப் பார்க்கக் கொஞ்சம் இடம் விட்டு.

மெல்ல நடந்துபோய் எட்டிப் பார்த்தான்.

யாரும் இல்லை. நசுங்கிய புல். கை வைத்தான். சூடாக இருந்தது.

வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. நிதானமான, அன்பான குரல்.

“அவோமே. கதவத் தொறடா கண்ணு. அப்பாதான்.”

கடைசியில் ஒரு சீட்டி.

எக்கோமி ஓடினான். ஓடிக்கொண்டே கத்தினான். தொறக்காத என்று கத்தினான். வாயிலிருந்து வந்தது மானின் குரல். காலில் முள் ஏறிய குட்டியின் குரல். மறுபடி கத்தினான். மறுபடியும் அதே. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அதே.

வீட்டுக்குள் அவோமே சிரித்தாள். அப்பா விளையாடுகிறார்.

வாழை மரங்களுக்கு நடுவே முற்றம் தெரிந்தது. தாழ் விலகும் சத்தம். கதவு திறந்தது. விளக்கு வெளிச்சம் நீளமாக முற்றத்தில் விழுந்தது.

வாசலில் நின்றது அவன் உயரம்தான். அவன் தோள்கள்தான். ஒரு கையைப் பிள்ளையிடம் நீட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு கை இன்னும் மூக்கைப் பிடித்தபடியே இருந்தது.