கிணற்றைத் திறக்கும் நிரல்

மாலை வகுப்பில் எல்லோரும் செய்வதைத்தான் வடிவும் செய்தாள். பொதுக் களஞ்சியத்திலிருந்து பழைய ஆய்வொன்றின் நிரலைத் தன் லேப்டாப்பில் இறக்கினாள். அதற்கென்று தனிச்சூழல் அமைத்து, ஆய்வு நடந்த 2049-இல் புழங்கிய பைத்தான் நிரல்மொழிப் பதிப்பையும் துணை நிரல்களையும் ஒவ்வொன்றாக நிறுவினாள். செய்ததையெல்லாம் நோட்டில் வரிசை எண் போட்டு எழுதினாள்.

இயந்திரங்கள் பொய் ஆய்வுகளைக் கோடிக்கணக்கில் எழுதித் தள்ளிய பிறகு வந்த சட்டம் அது. ஊர்க்காரர் ஒருவர் தன் கணினியில் நிரலை ஓட்டி, அச்சான அதே விடையைப் பெற்றுக் காட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் ஓர் ஆய்வு அந்த ஊரில் செல்லும்.

வடிவு எடுத்தது முனைவர் சலோமியின் ஆய்வு. ஆர்சனிக் கலந்ததால் உப்பளத் தெருக் கிணறு நாற்பது ஆண்டுகளாக மூடிக் கிடந்தது. நஞ்சு மறுபடி ஊறும் வாய்ப்பை அந்த நிரல் கணிக்கும். அச்சான விடை 0.4127. அவளுக்கு மூன்றாம் நாளாக 0.4131.

“என்ன வடிவு, லேப்டாப்புக்கே கிறுக்குப் பிடிக்க வைக்கியா?” என்றான் பக்கத்து மேசை ரொசாரியோ.

“நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன்.”

“துளியூண்டு வித்தியாசம். யாரு பாக்கப் போறா?”

“கையெழுத்துப் போட்டவ வீட்டுக்குத்தான் முதல் ஒரு வருஷம் அந்தத் தண்ணி. எங்க அக்காவுக்கு இது எட்டாம் மாசம்.”

ரொசாரியோ சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டை வாங்கிப் படித்தான். பதினொன்றாம் வரியில் அவன் விரல் நின்றது. “தரவுல ஒரு வரிய நீக்கினேன்னு எழுதியிருக்க?”

“ஒரே வரி ரெண்டு தடவை இருந்துச்சு. சுத்தம் பண்ணினேன்.”

“உன்னை யாரு தாயி சுத்தம் பண்ணச் சொன்னா?”

வடிவுக்குக் காது சுட்டது. மூலக் கோப்பை மறுபடி இறக்கி ஓட்டினாள். 0.4127.

கூடவே வந்திருந்த சலோமியின் குறிப்பை அப்போதுதான் திறந்தாள். ‘முதல் அளவில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் போய் மீண்டும் எடுத்தேன். அதே எண்.’

வடிவு அதை இரண்டாம் முறை படித்தாள். அவள் பிறக்கும் முன்பே மறைந்துபோன ஒருத்தி, தன்மேல் சந்தேகப்பட்டு இன்னொரு முறை அந்தக் கிணற்றடிக்கு நடந்திருக்கிறாள். அந்த நடை ஒற்றை வரியாக இத்தனை காலம் காத்திருந்து, இப்போது இந்த மேசையில் கடைசி இலக்கம் வரை பிசகாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

கிணற்றுத் தண்ணீரைத் தானே அளந்து வைத்திருந்த இந்த ஆண்டின் தரவை மெதுவாகக் கொடுத்தாள். 0.01-க்குக் கீழே வந்தால் கிணற்றைத் திறக்கலாம்.

0.0003.

ரொசாரியோ எழுந்து நின்றுவிட்டான். வகுப்பே மேசையைச் சூழ்ந்துகொண்டது. வடிவு கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு போன் செய்தாள்.

“அக்கா, விடை நல்லா வந்திருக்கு. ஆனா குடிக்கப் போறது நீயும்தான். எனக்குப் பயமா இருக்கு.”

“தண்ணிய எத்தனை தடவை அளந்த?”

“ஒரு தடவைதான்.”

“அப்ப நாளைக்கு இன்னொரு தடவை அளந்து ஓட்டு,” என்றாள் அக்கா. “நான் குடத்தைக் கழுவி வைக்கேன்.”