ஒரு நோயாளிக்கு ஒருவர்

ஒன்பதாம் படுக்கைக்கு ஆள் உள்ளே போயாயிற்று என்று ஆஸ்பத்திரிக் காவலாளி சொன்னபோது, அவள் கையில் ஊற்றிக்கொண்ட சானிடைசர்கூட இன்னும் காயவில்லை.

"யார் போனது?" என்றாள்.

அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். படுக்கை எண் ஒன்பது. உறவு, மனைவி. நேரம், நான்கு மணி. பக்கத்தில் ஒரு கையெழுத்து.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதாம் படுக்கையில் கிடப்பவருக்கு அவள் அறிந்து மனைவி ஒருத்திதான்; அந்த ஒருத்தியைச் சமாளிக்கவே இருபத்திரண்டு வருஷமாக மனுஷருக்கு நாக்குத் தள்ளியது. இரண்டு பேருமாக ரெடிமேட் துணிக்கடை நடத்தினார்கள். கைக்குட்டை வாங்க வந்தவன் தலையில் சட்டையையும் பேன்ட்டையும் கட்டி அனுப்புகிற வாய் அவளுக்கு. அவள் பேசுவாள், அவர் மடித்து வைப்பார். கடையும் குடும்பமும் அந்த ஏற்பாட்டில்தான் ஓடின.

தொற்று வந்து அவரைக் கொண்டுவந்து சேர்த்து ஒன்பது நாளாகிறது. இத்தனை நாளும் அவரைப் பார்க்க யாரையும் விடவில்லை. இன்று காலைதான் டாக்டர் போனில் கூப்பிட்டு, நுரையீரல் சரியாக இல்லை, தினமும் கால் மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். அவர் அதைச் சொன்ன குரலிலேயே மிச்சம் அவளுக்கு விளங்கிவிட்டது. உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

சுவரில் விதிகளை ஒட்டியிருந்தார்கள். ஒரு நோயாளிக்கு ஒருவர் மட்டும். நாலு முதல் நாலேகால் வரை. பதிந்தவரை மாற்ற இயலாது. முன்வாசலில் நுழைந்தவர் பின்வாசல் வழியாகவே வெளியேற வேண்டும். காவலாளி கெட்டவர் இல்லை. அவள் பத்து நிமிஷம் பேசிய பேச்சையும் பொறுமையாகக் கேட்டார். ஆனால் அந்தத் தாளைக் காட்டிய விரல் மட்டும் கீழே இறங்கவே இல்லை.

அவள் கட்டடத்தைச் சுற்றி ஓடிப் பின்வாசலில் போய் நின்றாள். பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது. நாலேகாலுக்கு இரும்புக் கதவு திறந்து ஒவ்வொருவராக வந்தார்கள். குளித்தது போல் வியர்த்த முகங்கள், கன்னங்களில் மாஸ்க் அழுத்திய தடம். பெண்கள் மூன்று பேர். மூன்று பேரையும் மறித்துக் கேட்டாள். ஒருத்தியும் ஒன்பதாம் படுக்கை இல்லை. கதவு மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு நாத்தனார் மேல்தான் சந்தேகம். அண்ணனைப் பார்க்க வேண்டுமென்றால் மனைவி என்றுகூடப் போட்டுக்கொள்வாள், அந்தத் துணிச்சல் அவளுக்கு உண்டு. போனைப் போட்டாள்.

"எங்க வீட்டு வாசல்ல குவாரன்டைன் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்காங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "நான் படி தாண்டினாலே பக்கத்து வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிடுவான். ஏன், நீங்கதான் போய்ப் பாத்தீங்களாமே? அண்ணன் இப்பதான் சொல்லுச்சு. அவ்ளோ சந்தோஷம் அதுக்கு."

அவள் போனைக் கீழே வைப்பதற்குள் அது அடித்தது. அவர்தான். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே குழாயில் காற்று சீறியது.

"இருபத்திரண்டு வருஷத்துல... இன்னிக்குத்தான் நீ வாயத் திறக்காம உக்காந்திருந்த," என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவரே பேசினார். அவள் கைதான் சில்லென்று இருந்ததாம், இரண்டு கையுறை போட்டும்கூட. மூக்கின் மேலிருந்த அந்தச் சனியனைக் கழற்றிவிட்டபோது முதலில் பயந்துபோனாராம். அப்புறம் உடம்பே லேசாகிவிட்டதாம்.

"எதைக் கழட்டினாங்க?"

"ஆக்சிஜன் மாஸ்க்கைத்தான். நீதானே கழட்டின. நாளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் கழட்டி வைக்கலாம்னு சொன்னியே."

"வாயத் திறக்கலைன்னீங்க?"

அவர் யோசித்தார். "ஆமா, சொல்லலை," என்றார். "ஆனா சொன்ன மாதிரிதான் இருந்துச்சு."

அது நான் இல்லை என்றாள். காய்ச்சல் எனக்கா உனக்கா என்று கேட்டுச் சிரிக்கப் போய், இருமலில் மாட்டிக்கொண்டார். போன் அணைந்தது.

மறுநாள் காலையில் தலைமைச் செவிலி கூப்பிட்டாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. தொண்ணூற்றொன்றில் நின்ற ஆக்சிஜன் அளவு எழுபத்தெட்டுக்கு இறங்கியதாம், ஓடிப்போய்ப் பார்த்தால் மாஸ்க் நெற்றியில் கிடந்ததாம். இன்னொரு தடவை கை வைத்தால் அனுமதியை ரத்து செய்துவிடுவோம் என்றாள்.

"பண்ணுங்க. இப்பவே பண்ணுங்க. அங்க வர்றது நான் இல்லை."

"என் கண்ணால பாத்தேம்மா. கவச உடையில, நெஞ்சுல ஒன்பதுன்னு எழுதியிருந்துச்சு."

"முகத்தைப் பாத்தீங்களா?"

"இங்க யாரு முகத்தை யாரு பாக்கறது?" என்றாள் செவிலி. "ரத்து பண்ணணும்னா மனைவி வார்டுக்குள்ள நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும். அதான் விதி."

"நான்தான் மனைவி."

"தெரியும்மா. அதனாலதானே உங்ககிட்ட சொல்றேன்."

அன்று இரண்டு மணிக்கே போய் முதல் ஆளாக நின்றாள். வெயிலில் தார் இளகி மணத்தது. தரையில் ஆறடிக்கு ஒரு வட்டம் வரைந்திருந்தார்கள். முதல் வட்டத்தை விட்டு அவள் அசையவில்லை. நாலு மணிக்குக் காவலாளி வந்து மேசையைப் போட்டார், பதிவேட்டை வைத்தார், கை கழுவக் குழாய்ப் பக்கம் போனார். திரும்பி வந்தவர் அவளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னம்மா, மறுபடி இந்தப் பக்கமா வந்து நிக்கிறீங்க? உள்ள போனவங்க பின்வாசல் வழியாத்தானே போகணும்? படிச்சவங்களே இப்படிப் பண்ணா எப்படி?"

புதுப் பக்கம். முதல் வரி. ஒன்பது, மனைவி, கையெழுத்து. அவள் அந்தக் கையெழுத்தின் மேல் கட்டை விரலை வைத்தாள். இன்னும் காயாத மை தீற்றிக்கொண்டது.

பில் புத்தகத்தில் போட்டுப் போட்டு அவள் கையெழுத்து கடைசியில் ஒரு வால் சுழிக்கும். இதுவும் சுழித்திருந்தது.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துக் காவலாளி நாற்காலியைத் தள்ளிப்போட்டார், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். உள்ளே போய்விட்டு வருகிற பலபேருக்கு இப்படித்தான் ஆகிறது, பயத்தில் போனதே மறந்துவிடுகிறது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். தடம் இருக்கிற மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது.

அன்று இரவு அவர் பேசவில்லை. ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தார். இன்னிக்கு ரொம்ப நேரம் கழட்டி வெச்சிருந்த, தூக்கம் வருது.

மூன்றாம் நாள் மேசையில் வேறு காவலாளி, ஒரு பெண். பதிவேட்டில் ஒன்பதுக்கு எதிரே மனைவி வந்தாயிற்று. அவள் சண்டைக்குப் போகவில்லை. மறுக்கிற வாடிக்கைக்காரியிடம் மல்லுக்கு நிற்கக் கூடாது, வேறு அலமாரியைத் திறக்க வேண்டும். கண் ஒரு வரி கீழே இறங்கியது. பத்தாம் படுக்கை, ஆண், வயது எழுபது. எதிரே ஒன்றுமில்லை. புரட்டினாள். நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை.

"பத்துக்கு வந்திருக்கேன். அவர் பொண்ணு," என்றாள். வெளியூரிலிருந்து வரச் சீட்டு கிடைக்கவில்லை, அப்பா என்னைக் கேட்டாரா என்று குரலை ஓரிடத்தில் உடைத்தாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில்கூட இவ்வளவு சீக்கிரம் ஒரு பேரம் படிந்ததில்லை.

மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெள்ளைக் கவச உடைக்குள் அவளை நுழைத்து ஜிப்பை இழுத்தார்கள். இரண்டு மாஸ்க், இரண்டு உறை, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகடு. மார்க்கர் பேனாவால் நெஞ்சில் பத்து, முதுகில் பத்து.

கதவு திறந்தது.

சுவர் நெடுக ஆக்சிஜன் சீறியது. உஷ், உஷ் என்று யாரோ அவள் வாயை அடக்குவது போல. பத்தடி நடப்பதற்குள் மூச்சின் ஆவி தகட்டில் படிந்து எல்லாம் பால் பூத்துவிட்டது. எதிரே வந்த செவிலிக்கும் அப்படித்தான், படுக்கைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அப்படித்தான். அந்த அறையில் முகம் என்று ஒன்றும் இல்லை. எண்கள்தான் நடமாடின.

எட்டாம் படுக்கை காலி. விரிப்பு இல்லாத நீல ரெக்சின், இன்னும் ஈரமாக.

ஒன்பதில் அவர்.

பாதியாகியிருந்தார். பக்கத்து ஸ்டூலில் வெள்ளை உடையில் ஓர் உருவம், அவர் கையைப் பிடித்தபடி. முதுகில் ஒன்பது. முதுகைப் பார்த்தே அளவு சொல்கிறவள் அவள். தோள், இடுப்பு, இடது பக்கம் லேசாக இறங்கிய சாய்வு. அது அவளுடைய அளவு.

"என்னங்க, நான்தான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நெஞ்சிலிருந்த எண்ணைப் பார்த்தார். வழி தவறியவர்களுக்குக் காட்டுவது போல, மரியாதையாக, பத்தாம் படுக்கைப் பக்கம் விரலைக் காட்டினார்.

ஸ்டூலில் இருந்தது திரும்பியது. அதன் தகடு பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் துடைத்தது போல. உள்ளே ஒரு பொட்டு ஆவி இல்லை. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள். ட்ரையல் ரூம் கண்ணாடியில் அவள் தினமும் பார்க்கிற கண்கள். இமைக்கவில்லை.

அவள் பாய்ந்தாள். மணிக்கட்டை ஏதோ பிடித்தது. பத்தாம் படுக்கைப் பெரியவர். எலும்பும் தோலுமான கை, ஆனால் இடுக்கி போல் பிடி.

"வந்துட்டியாம்மா," என்றார். அவருக்கு மகளே கிடையாது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. "எட்டாம் நம்பருக்கும் இவதான் வந்துட்டிருந்தா. அடுத்து எனக்குத்தான்னு கெடந்தேன். ஒருத்தருக்கு ஒருத்தர்தானே? இப்ப எனக்கு நீ இருக்க. இனி அவ எங்கிட்ட வர முடியாதுல்ல?"

"விடுங்கய்யா. அவர் என் வீட்டுக்காரர்."

"போய்டாதம்மா."

உதறினாள். ஒன்பதாம் படுக்கையின் கம்பியைத் தொட்டாள். பின்னாலிருந்து இரண்டு கைகள் வளைத்துப் பிடித்தன. வார்டு உதவியாளர்.

"பத்து. உங்க ஆள் அங்க."

"நான்தான் இவர் சம்சாரம்."

"அவர் சம்சாரம் பக்கத்துலயே உக்காந்திருக்காங்களேம்மா." நல்ல மனுஷர், கேட்டும் பார்த்தார். "சார், இந்தம்மா யாரு?"

அவர் அவளைப் பார்த்தார். வெகுநேரம். பாலாடை படிந்த தகடு. அதற்குப் பின்னால் அவளுக்கே கேட்காத அவள் குரல். அவர் தலையை ஆட்டினார். தெரியாது. பக்கத்திலிருந்த கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவள் கத்தினாள். உஷ் என்றது சுவர்.

ஸ்டூலில் இருந்தது எழுந்தது. அவசரமில்லை. மாஸ்க்கின் பட்டையை அவர் தலைக்குப் பின்னாலிருந்து எடுத்தது. மெதுவாக. தூங்குகிறவர் கண்ணாடியைக் கழற்றுகிற மனைவி போல. அவர் சிரித்தார். மானிட்டர் அலறியது. உதவியாளர் திரும்பவில்லை. அவருடைய இரண்டு கைகளும் பத்தாம் எண்ணைப் பிடித்திருந்தன.

குனிந்தது. முகத்தோடு முகம்.

அவர் வாய் திறந்திருந்தது. மூடவில்லை.

பளிச்சென்றிருந்த அந்தத் தகட்டின் உட்புறத்தில் கொஞ்சம் ஆவி படிந்தது. கரைந்தது. மறுபடி படிந்தது.