இராசையாவின் ஊதுகுழாய்

சாம்பல் பெட்டியைத் திறந்ததும் ஹுஸ்னியா கண்டது அந்த ஆவிப் படலத்தைத்தான். அவளுடைய கணவன் அலியார் நேற்று ஊதிய, மீன்வலையில் கட்டும் கண்ணாடி மிதவைகள் இரவு முழுவதும் சாம்பல் சூட்டில் ஆறிக் கிடந்தன. எல்லாம் தெளிந்த பச்சை. கடைசியாக ஊதிய ஒன்றில் மட்டும் உட்புறம் வேர்த்திருந்தது. முக்காட்டு நுனியால் துடைத்தாள். போகவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவி மெல்ல விலகியது. பிறகு மறுபடியும் படிந்தது.

துறைமுக மதிலை ஒட்டிய அந்தப் பழைய பட்டறையில், வெயில் ஏறியபின்னும், கடலுப்பும் கரியும் கலந்து நோயாளியின் தலையணைபோல ஒரு வாடை அடித்துக்கொண்டிருந்தது. உலை உறுமியது, தகரக் கூரை சூட்டில் படபடத்தது. காலடியில் ஏதோ நறநறத்தது. குனிந்து பார்த்தாள். காய்ந்த களிமண்.

மூத்த ஊதுகாரர் இராசையா போன கிழமைதான் இறந்தார். இங்கே ஒருவர் இறந்தால் அவருடைய ஊதுகுழாயின் வாயைக் களிமண்ணால் அடைத்துச் சுவரோரம் சாத்திவிடுவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை யாரும் தொடுவதில்லை. அதுவும் இவர், உயிரோடு இருந்தபோதே தன் குழாயில் வாய் வைப்பவனைச் செருப்பால் அடிப்பேன் என்ற மனுஷன். நெஞ்சில் சளி அடைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில், பார்க்கப் போனவர்களின் கையையெல்லாம் பிடித்து, "கொஞ்சம் மூச்சுத் தாங்கோ" என்று கெஞ்சிக் கெஞ்சிச் செத்தார்.

சுவரோரம் குழாய் இல்லை.

"இஞ்சாருங்க, இராசையா அண்ணண்ட குழாயையா எடுத்தீங்க?"

உலையடியில் நின்ற அலியார் திரும்பவில்லை. "ஓம். என்ட குழாய் நேத்து வெடிச்சிட்டு. ஹோட்டல்காரன் பின்னேரம் மிதவை எடுக்க வாறான். இரும்புதானே புள்ள, அதுக்கென்ன?"

சொல்லிவிட்டு இருமினார். நீளமாக, கடைசியில் ஒரு சீழ்க்கையோடு. அது அவருடைய இருமல் அல்ல. பட்டறையே கேட்டுப் பழகிய இராசையாவின் இருமல்.

"அத வெச்சிட்டு வாங்க. எனக்குப் பயமாரிக்கி."

"இன்னும் ஒண்டுதான்." குழாய் முனையில் உருகிய கண்ணாடியை எடுத்து, மறு முனையில் வாயை வைத்தார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவரை எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறாள். இன்று, ஆவி படிந்த அந்த மிதவையைக் காதில் வைத்தாள். உள்ளே மூச்சு. இழுத்து, கொஞ்சம் நின்று, சின்னக் குறட்டையோடு விடும் மூச்சு. கல்யாணமான நாள் தொட்டு அவள் பக்கத்தில் கேட்டு உறங்கும் மூச்சு.

அவருடைய மூச்சு.

உடைக்க ஓங்கினாள். உடைத்தால் அது அவரிடம் திரும்புமா, காற்றோடு போய்விடுமா? ஓங்கிய கை இறங்கவில்லை.

"வாய எடுங்க!"

எடுக்கவில்லை. கன்னங்கள் உப்பவில்லை. உள்ளே ஒட்டிக் கிடந்தன. கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. அவர் ஊதவில்லை. குழாய் இழுத்தது.

ஓடினாள். தோளைப் பிடித்து இழுத்தாள். உதடு கழலவில்லை. குழாயைப் பற்றினாள். தீயில் கிடந்த இரும்பு சில்லென்றிருந்தது.

கையிலிருந்த மிதவையில் ஆவி படிந்தது. விலகியது. பிறகு படியவேயில்லை.

அலியாரின் நெஞ்சு அசையவில்லை. ஆள் நின்றபடியே நின்றார். குழாய் முனையில் சிவந்த கண்ணாடிக் குண்டு மட்டும் உப்பியது. சுருங்கியது. உப்பியது. அதற்குள்ளிருந்து யாரோ இருமினார், நீளமாக, கடைசியில் ஒரு சீழ்க்கையோடு.